பட்டப்பேர்தானே சொன்னேன்

மார்ச் 4
நான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேபில் இன்று வகுப்பு எடுத்தார்கள். புதுச் சட்டமாம். ஒருத்தர் ரிப்போர்ட்டைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது. ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு ஒட்டி நான் கொடுக்கும்போதுகூட நம்பரைத்தான் கூப்பிட வேண்டும். "பேரைச் சொல்லவே கூடாது பெரியவரே, புரிஞ்சுதா?" என்றார் லேப் மேடம். "என் பொண்டாட்டி பேரையே நான் சொன்னதில்ல மேடம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆறு பக்கம். யார் படிப்பது?

மார்ச் 11
டீக்கடையில் நல்ல சிரிப்பு. பஸ் ஓட்டுகிற நம்ம சீப்பு (ஸ்டாப்புக்கு ஸ்டாப் கண்ணாடி பார்த்துத் தலை வாருவான், நான் வைத்த பேர்) காலையில் லேபுக்கு வந்து கவர் வாங்கிப் போனான். ஒட்டும்போதே உள்ளே எட்டிப் பார்த்திருந்தேன். "சீப்பு உட்கார்ந்த சீட்டுல எறும்பு மொய்க்குதாம்யா. ரத்தத்துல அவ்வளவு சர்க்கரை!" கடையே குலுங்கியது.

மார்ச் 14
சீப்பைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஷெட்டில் பஸ் கழுவுகிறானாம். அன்றைக்கு டீக்கடையில் என் பின்னால் உட்கார்ந்திருந்தது டிப்போ சூப்பர்வைசராம்.
நான் பேரைச் சொல்லவில்லையே. பட்டப்பேர்தானே சொன்னேன்?

மார்ச் 15
அவன் நிஜப் பேர் இந்தத் தெருவில் யாருக்குத் தெரியும்? எனக்கே கவரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

மார்ச் 17
இன்றும் டீக்கடைப் பக்கம் போகவில்லை.

மார்ச் 18
அவன் சம்சாரம் லேபுக்கு வந்து அழுதது. "என்கிட்டயே அவர் இன்னும் சொல்லல மேடம். டீக்கடையில கேட்டா நான் தெரிஞ்சுக்கணும்?" மேடம், டைப் அடிக்கிற அம்மாவை முறைத்தார். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஒட்டின கவரையே மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தேன். டேய் கிழவா, அந்தப் பசைய உன் வாயில தடவியிருக்கக் கூடாதா?

மார்ச் 20
மேடமிடம் சொல்லிவிட்டேன்.
"பேர் சொல்லல மேடம்..."
"ஆள் யாருன்னு தெரிஞ்சா போதும் பெரியவரே. சட்டத்துல அப்படித்தான் இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டதுல மூணாம் பக்கம்."
சீப்பு டிப்போ மேல் புகார் கொடுத்திருக்கிறானாம். தன்னைக் கேட்காமல் வெளியே போன தகவலை வைத்துத் தன் வேலையில் கைவைத்தார்கள் என்று. விஷயம் எப்படிப் போனது என்று நான் எழுதிக் கொடுத்தால் அவனுக்குப் பலம். "ஆனா அதுக்கப்புறம் உங்களை இங்க வச்சுக்க முடியாது" என்றார்.
நானே உட்கார்ந்து எழுதினேன். எறும்பு என்று சொன்னதையும் எழுதினேன். எழுத்தில் பார்த்தால் சிரிப்பே வரவில்லை.

ஏப்ரல் 9
சீப்பு... வேண்டாம். அந்த டிரைவருக்கு பஸ் திரும்பக் கிடைத்துவிட்டது. ஓட்டலாம் என்று டாக்டரும் எழுதிக் கொடுத்தாராம்.

ஏப்ரல் 12
ஒரு மாதம் கழித்து டீக்கடைக்குப் போனேன். மூலையில் டிரைவர். திரும்பிவிடலாமா என்று யோசிப்பதற்குள் கடைக்காரன், "என்ன பெருசு, லேப்ல உன்னை ஏன் அனுப்பிட்டாங்க?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். கடையே என் வாயைப் பார்த்தது.
டிரைவர் டம்ளரை வைத்தார். "அது அவரோட சொந்த விஷயம். உனக்கெதுக்கு?"
என் பக்கம் திரும்பாமலே எழுந்து போய்விட்டார்.