காய்ந்த அச்சு

அன்புள்ள குட்டிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளை போய் ஐந்து வாரம் ஆகிறது. நேற்று போனில், "நான்தான் அவரைக் கொன்னுட்டேன்க்கா, மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்று அழுதாய். உன் மாமியாரும் அதையே சொல்லிக் காட்டுகிறார் என்றாய். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.  இப்போது எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

என் வேலையை மாப்பிள்ளை 'ஸ்டாம்ப் உத்தியோகம்' என்று கேலி செய்வார். உண்மையும் அதுதான். ஜெல்லி போல மெத்தென்று ஓர் அச்சு. அடியில் கடுகைவிடச் சின்ன மொட்டுகள். அதைப் புரதக் கரைசலில் ஊறவைத்து, ஈரத்தை ஒற்றிவிட்டு, கண்ணாடித் துண்டின்மேல் அழுத்தாமல் வைத்து எடுத்தால் புள்ளி புள்ளியாகப் புரதம் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணாடிமேல் நோயாளியின் ரத்தத்தை விடுவார்கள்; அதில் கிருமி இருந்தால் அந்தப் புள்ளிகள் அதைப் பிடித்துக்கொள்ளும், சோதனையில் ஒளிரும். அச்சு ஈரமாக இருக்கும்வரைதான் புரதம் நன்றாக இருக்கும். காய்ந்துவிட்டால் புள்ளி விழும், எதையும் பிடிக்காது.

ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால் அச்சுப் பெட்டியின் மூடி சரியாக மூடாமல் கிடந்தது. அச்சின் ஓரமெல்லாம் சுருங்கியிருந்தது. மேலதிகாரியிடம் சொன்னேன். புது அச்சு வார்க்க இரண்டு நாளாகும், ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்ணாடி கேட்டு உயிரை எடுக்கிறார்கள், புள்ளி அழகாகத்தானே விழுகிறது, அனுப்பு என்றார். ஒவ்வொரு பேட்சிலும் ஒரு கண்ணாடியைக் கிருமியுள்ள ரத்தத்தில் சோதித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். நான் சோதிக்காமலே போட்டேன். அவர் சொன்னார் என்பதெல்லாம் சாக்கு. கை என்னுடையது.

படித்துச் சொல்லச் சொல்லி போன வாரம் நீ அனுப்பிய காகிதங்களில் மாப்பிள்ளையின் பரிசோதனைச் சீட்டும் இருந்தது. 'கிருமி இல்லை' என்பதற்குக் கீழே பேட்ச் எண். மூன்று முறை பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமை பேட்ச்தான்.

அதில் எங்களிடம் மீதமிருந்த கண்ணாடிகளில் நான்கை எடுத்துக் கிருமியுள்ள ரத்தத்தில் சோதித்தேன். ஒன்றுகூட ஒளிரவில்லை. அன்றே, அந்த பேட்ச் போன பதினோரு ஆஸ்பத்திரிகளுக்கும் நானே போன் செய்து நிறுத்தச் சொன்னேன். நடந்ததை சுகாதாரத் துறைக்கு எழுதிக் கொடுத்தேன். வேலை போயிற்று. வழக்கு வரும் என்கிறார்கள், வரட்டும். இன்னும் எத்தனை வீடுகளில் உன்னைப் போல அழுகிறார்களோ, தெரியவில்லை.

நீ அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டுதான் போனாய். ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்து, மருந்து தராமல் அனுப்பினார்கள், நம்பினாய். அதில் உன் தப்பு எங்கே இருக்கிறது? இந்தக் கடிதத்தை உன் மாமியாருக்கு உரக்கப் படித்துக் காட்டு. அவர் யாரையாவது சபிக்க வேண்டுமென்றால் என்னைச் சபிக்கட்டும். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். இனி என் முகத்தில் முழிக்க வேண்டாம் என்று நீ நினைத்தால், அதுவும் நியாயம்தான்.

இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றாயே. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, குட்டி. சாப்பிட்டுவிட்டுத் திட்டு.

உன் அக்கா