நீ நரி என்று எழுதிய மிருகம்

மெஷெடெ, ஜேர்மனி,
9 பங்குனி

அன்புள்ள மகள் அஜிதாவுக்கு அப்பா எழுதுவது,

இங்கே அம்மாவுக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனதைப் பற்றிக் கேட்காதே. நீயும் உன் ஆடுகளும் சுகமாயிருக்க வேண்டும் என்று ஹம் காமாட்சி அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். ஐயர் ஆட்டுக்கும் நட்சத்திரம் கேட்டால் என்ன சொல்வது என்று அம்மா வழியெல்லாம் சிரித்தாள், உள்ளே போனதும் அழுதாள். ஆறு கிழமையாக நாங்கள் எடுத்தாலும் நீ தொலைபேசியைத் தூக்குகிறாய் இல்லை. கடிதத்தையாவது பிரித்துப் பார்ப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

பிழை எங்கே நடந்தது என்று இப்போதுதான் எனக்கு விளங்கியது. கார்த்திகையில் நீ கேட்டிருந்தாய், அப்பா, பண்ணையில் நரி வந்து குட்டிகளைத் தூக்குகிறது, வேலி போட்டும் நாய் விட்டும் நிற்கவில்லை, இனிச் சுடத்தான் வேண்டும், ஆனால் வதைக்காமல் ஒரே வெடியில் முடிய வேண்டும், என்ன துவக்கு நல்லது, உங்கள் கடைக்கு வேட்டைக்காரர் வருகிறார்கள்தானே என்று. நான் அந்த நரியை அப்படியே கொண்டுபோய் எங்கள் இறைச்சிக்கடை முதலாளி றொனால்டிடம் ஜேர்மன் மொழியில் ஃபுக்ஸ் என்று கொடுத்தேன். அவரும் வேட்டைக்காரர், ஃபுக்ஸ் என்றால் இருபத்திரண்டு ஹோர்னெட் போதும், சின்னத் தோட்டா, சத்தமும் குறைவு என்றார். அதையே உனக்கு எழுதினேன். நீ இருக்கிற கனடாவில் கொயோட்டி என்கிற மிருகத்துக்குத் தமிழில் பெயர் இல்லாதபடியால்தான் நீ நரி என்று எழுதினாய் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இங்கத்தைய நரி ஆறேழு கிலோ, உன்னுடையது பதினேழு கிலோ, அந்தச் சின்னத் தோட்டா அதற்குக் காணாது. முப்பது வருடமாக இந்த ஊர்த் தமிழருக்கெல்லாம் அன்ட்ராக் படிவம் நிரப்பிக் கொடுத்தவன், கந்தோரில் டெர்மின் என்றால் கூடப்போய் மொழிபெயர்த்தவன், ஒரு சொல்லிலும் பிழை விட்டதில்லை என்று மார்தட்டினவன், பெற்ற பிள்ளைக்குப் பிழையாகச் சொல்லிவிட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ராசன் அண்ணை ஆறுதல் சொன்னார். ஆனை சறுக்கினால் நசுங்கினது பிள்ளையெல்லோ என்று அம்மா கேட்டாள்.

இந்த முறை றொனால்டிடம் சொல்லைக் கொண்டுபோகவில்லை, கொயோட்டியின் படத்தைக் காட்டினேன். அவர் தலையில் கையை வைத்துவிட்டார். கிட்ட நின்றால் இருநூற்று இருபத்து மூன்று என்கிற தோட்டா போதுமாம், உன்னுடையது காற்றடிக்கும் வெட்டவெளி, மிருகமும் எட்டத்தில்தான் நிற்கும் என்பதால் இருநூற்று நாற்பத்து மூன்றுதான் நல்லதாம். தோல் கிழியும் என்று அதை வேண்டாம் என்பவர்கள் தோல் விற்கிறவர்கள், உனக்கென்ன. எந்தத் துவக்கானாலும் முதலில் அட்டையில் சுட்டுச் சரிபார். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குப் பின்னால் வை. ஓடுகிறதைச் சுடாதே. தூரம் மட்டுக்கட்ட ஏலாவிட்டால் விட்டுவிடு, குட்டி போனாலும் போகட்டும்.

கடைசியாகக் கதைத்தபோது நீ சொன்னாய், இடுப்பில் பட்டு, பின்காலை இழுத்துக்கொண்டு போனது, பனியில் இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து இரண்டு நாள் பின்னால் போய் முடித்தேன், கண்டபோது அது என்னைப் பார்த்தது அப்பா என்று. அதோடு வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் தம்பி ஜெயகாந்த், உன் சித்தப்பா, சண்டைக்குள் வெடிபட்டு அந்த இடத்திலேயே செத்தான் என்றுதான் உங்கள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய் பிள்ளை. அவனுக்குத் தொடையில்தான் பட்டது. அண்ணை என்று கூப்பிட்டான், நான் திரும்பிப் பார்த்தேன், பிறகு ஓடினேன். மூன்றாம் நாள்தான் சனம் போய் எடுத்தது. விழுந்த இடத்தில் அவன் இருக்கவில்லை, நான் ஓடின பக்கமாக ஊர்ந்து வந்திருந்தான்.

நீ காயப்பட்டதை விட்டுவிட்டு வீட்டுக்கு வரவில்லை. அதற்காக உன்னை ஒருவரும் கல்மனசுக்காரி என்று சொல்ல முடியாது, நீயும் சொல்லாதே.

காமாட்சி அம்மாள் உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். குளிருக்குக் கம்பளிக் காலுறை போடு. என்னோடு கதைக்க மனமில்லாவிட்டால் அம்மாவின் நம்பருக்காவது எடு. சித்தப்பாவின் விஷயத்தை நேற்று அவளுக்குச் சொன்னேன், அவளும் என்னோடு கதைக்கிறாள் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
சிற்றம்பலம்