தோளில் கிடக்கும் கை

என் அருமை நாத்தனாருக்கு,

"எல்லாத்துலயும் நீங்களே முன்னால நில்லுங்க அண்ணி" என்று கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போனாயே, நீ இல்லாமல் வியாபாரம் படுத்துவிடும் என்று நினைத்தாயா? நம் சோபா உறைக் கடை ஜோராக நடக்கிறது. வாசலில் என் முகத்தைப் பெரிதாகப் போட்டுப் புதுப் பலகை மாட்டியிருக்கிறேன்.

"முகம்தாங்க பிராண்டு" என்றார் விளம்பரக்காரர். நான் நன்றாகச் சிரித்த படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, கடை திறந்த அன்று நாம் சேர்ந்து எடுத்தது. உன்னை வெட்டிவிட்டார். என் தோளில் கிடந்த உன் கையை மட்டும் வெட்ட முடியவில்லை. மணிக்கட்டில் நீ எப்போதும் சுற்றியிருக்கும் இன்ச் டேப்பும் பளிச்சென்று தெரிகிறது. உன் அண்ணன் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும்.

வருகிறவர்கள் என் முகத்தைக் கண்டுகொள்வதே இல்லை. "டேப் கட்டியிருக்கிற கை யாருது? அவங்கதான் தைக்கிறவங்களா?" என்று கேட்கிறார்கள். "ஆமா, ஊருக்குப் போயிருக்கா, வந்துடுவா" என்று அளந்துவிட்டு, ஆர்டர்களையும் வாங்கிப் போட்டிருக்கிறேன். என் வாய்க்கு முன்னால் யார் நிற்க முடியும்?

நேற்று விளம்பரக்காரர், "அந்தக் கையை அழிச்சுடட்டுமா?" என்று கேட்டார்.

"கை இருக்கட்டும். என் முகத்தைச் சின்னதாக்கிப் பக்கத்துல இடம் விடுங்க" என்றேன்.

இப்போது பாதிப் பலகை காலியாகக் கிடக்கிறது, பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது. சீக்கிரம் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வா. அதில் நீ சிரிக்க வேண்டாம், அது என் வேலை.

வாய் ஓயாத,
உன் அண்ணி