மேசைக்கு வந்த விளக்கு

நொய்கெல்ன், பேர்லின்
28.12.2008

அன்புத் தம்பி அன்ரன் அறிய, அண்ணன் ஜேசுரட்ணம் எழுதுவது. நானும் உன் அண்ணி பிளோறன்ஸும் உயிரோடு இருக்கிறோம். நீயும் மகள் பிறின்சியும் அப்படியே இருப்பதாக வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முன்னர் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. வன்னிக்குத் தபால் ஓடவில்லை என்று பிளோறன்ஸ் உனக்காக வாதாடுகிறாள். தபால் ஓடிய காலத்திலும் நீ பதில் போட்டவன் அல்ல. எண்பத்தைந்தில் வா என்றேன், வரவில்லை. உன் மனைவி இறந்தபோது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்றேன், கோயில் விளக்கை யார் பார்ப்பது என்றாய். அப்போதும் நான் சொன்னதுதான் சரி. இந்தக் கடிதத்தை இங்கே பூசை வைக்கும் ஒரு சுவாமி வவுனியாவரை கொண்டுபோவார். அதற்கு அப்பால் எந்தக் கையில் போகுமோ தெரியாது.

இங்கே கடும் குளிர். என் முழங்கால் மடங்குவதில்லை. ஹனோவரில் இருக்கும் றொனால்ட் வேலையைச் சாட்டி, பாலன் பிறந்த நத்தாருக்கும் வரவில்லை. பெற்ற பிள்ளையும் உன்னைப்போலத்தான்.

பின்னேரங்களில் வானொலி கேட்கிறேன். ஒவ்வொரு பின்னேரமும் ஆமி பிடித்ததாக ஒரு ஊரின் பெயர் கழிகிறது. உன் ஊர் வருவதற்கு முன் என்னென்ன பெயர்கள் மிச்சம் என்று எனக்கு மனப்பாடம்.

அதே நேரத்தில் கீழ்வீட்டில் விளக்கு கூடுகிறது. அங்கே றைசா என்ற யூத அம்மா தனியாக இருக்கிறார். உக்ரைனில் இருந்து வந்தவர், என்னைவிட மூத்தவர். அவர்களுக்கு இது ஹனுக்கா பெருநாள். பகைவர் கெடுத்த ஆலயத்தை மீட்டபோது ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்ததாம். அதனால் முதல் நாள் ஒரு விளக்கு, மறுநாள் இரண்டு என்று எட்டுவரை ஏற்றுகிறார்கள். எட்டில் தொடங்கிக் குறைத்துக்கொண்டு போகவேண்டும் என்று வாதாடிய பெரியவர்களும் இருந்தார்களாம். கூட்டவேண்டும் என்பதே நிலைத்தது. தெருவில் போகிறவர்கள் காணும்படி யன்னலில் வைப்பது அவர்கள் முறை.

நத்தார் அன்று மாலைப் பூசை முடிந்து வந்தால் அந்த யன்னல் இருட்டு. கண்ணாடி இருந்த இடத்தில் மட்டை அடித்திருந்தது. கிழவி போய்விட்டார் என்றே நினைத்துக் கதவை உடைப்பதுபோல் தட்டினேன். திறந்தார். முந்தின இரவு யாரோ போத்தல் எறிந்திருக்கிறார்கள். விளக்கு சாப்பாட்டு மேசையில் இருந்தது, ஐந்து திரியும் எரிந்தபடி.

யன்னலிலேயே வையுங்கள், நான் வெளியே பொல்லோடு நிற்கிறேன் என்றேன். முழங்கால் மடக்க ஏலாத ஆள் பொல்லோட நிண்டு ஆரை வெருட்டப் போறீங்கள் என்று பிளோறன்ஸ் பின்னாலிருந்து கேட்டாள். றைசா அம்மா சிரித்தார். ஆபத்துக் காலத்தில் மேசையில் வைத்தால் போதும், அதுவும் எங்கள் சட்டத்தில் இருக்கிறது என்றார். யூதரைக் கொன்ற யுத்தகாலத்தில், சிறுமியாக ஒளிந்திருந்த நிலவறையில் உருளைக்கிழங்கைக் குடைந்து, எண்ணெய் விட்டு ஏற்றினார்களாம். அது பயம் அல்லவா என்று நான் விடாமல் கேட்டேன். அடுத்த வருடமும் ஏற்றுவதற்கு ஆள் வேண்டும் என்று நினைத்தவர்கள் எழுதிய சட்டம் அது என்றார். நான் படியேறி வீட்டுக்கு வந்துவிட்டேன். பிளோறன்ஸ் இன்னும் அந்தப் பொல்லுக் காவலைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அன்ரன், பேழையில் நற்கருணை அப்பம் இருக்கும்வரை கோயில் விளக்கு அணையக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் பங்குச் சுவாமி நற்கருணையை எடுத்துக்கொண்டு சனத்தோடு போய்விட்டார் என்று அங்கிருந்து தப்பி வந்த ஒருவர் சொன்னார். நீ வெறும் பேழைக்கு முன்னால் எண்ணெய் விடுகிறாய். ஷெல் விழுகிற ஊரில் அந்த வெளிச்சம் யாருக்கு?

பிறின்சியைத் தனியே வெளியில் விடாதே. ஏன் என்று எழுத ஏலாது, அவள் வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று உனக்கே தெரியும். இதை வேறு ஆட்களும் பிரித்துப் படிப்பார்கள். அவளையும் அந்த விளக்கையும் எடுத்துக்கொண்டு சனம் போகிற பக்கமே போ. அவ்வளவு சனம் கூடியிருக்கிற இடத்தில் யாரும் ஷெல் அடிக்கமாட்டார்கள். மரத்தடியோ பங்கரோ, இருக்கிற இடத்தில் ஏற்று. அது போதும்.

இன்று எட்டாவது நாள். றைசா அம்மா எங்களையும் மேசைக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஆனால் என் யன்னலில் நான் ஒரு மெழுகுதிரி வைத்திருக்கிறேன். எறிகிறவன் எறியட்டும். பிறின்சியின் கையெழுத்தில் ஒரு வரி வரும்வரை அது அங்கேதான் எரியும்.

தேவமாதா உங்கள் இருவருக்கும் முன்னே நடப்பாராக. இந்த ஒருமுறை மட்டும் அண்ணன் சொல்வதைக் கேள்.

உன்மேல் கோபம் தீராத,
ஜேசுரட்ணம்