ஒரே ஜமக்காளத்தில் படுத்தவர்கள்

சுருளிப்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் வேல்விழிக்கு அம்மா முனீஸ்வரி எழுதுவது. நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, சொறிந்து சொறிந்து புண்ணாகிக் கிடக்கிற கை. அங்கே புனேயில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயல் சூரியபிரகாஷும் சுகமா? போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய் என்றுதான் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி, உன் மாமியார் கஸ்தூரியம்மாள் கண்ணில் பட வேண்டாம்.

உங்கப்பாவோடு மாரடித்து ஓய்ந்துபோனேன் ஆத்தா. குட்டிக்குக் காது குத்துவதற்கு முன்னாலேயே அவருக்கு இடுப்பில் அரிப்பு. கேட்டதற்கு, திராட்சைக் கொடிக்கு மருந்து அடிச்ச அரிப்பு, இது இல்லாத தோட்டக்காரன் உண்டா என்றார். நானும் நம்பித் தொலைத்தேன். தோட்டத்துப் பக்கமே போகாத எனக்கும் விரலிடுக்கில் அரித்து, ராத்திரியெல்லாம் தூக்கம் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்து, இது சொறிப்பூச்சி, தோலுக்குள்ளே வளை தோண்டிக் குடியிருக்கு, வீட்டிலே அரிக்காதவுகளும் ஒரே நாளிலே இந்தக் களிம்பைத் தேய்க்கணும் என்று சொன்னாக. இந்த மனுஷன் கேட்டாரா? எனக்கு மருந்து அரிப்புத்தான், நீ தேச்சுக்க என்றுவிட்டார். நான் மட்டும் தேய்த்தேன், பத்தே நாளில் மறுபடியும் வந்துவிட்டது. அப்புறம் கெஞ்சிக் கூத்தாடி அவரைத் தேய்க்க வைத்தால், அரிக்கிற இடத்தில் மட்டும் தொட்டு வைத்தார். நான் என்ன சந்தனமா குடுத்தேன், அங்கங்க பொட்டு வைக்க என்று டாக்டரம்மா வைதாக பாரு, அன்றைக்குத்தான் வாயை மூடினார். கழுத்திலிருந்து கால்விரல் வரைக்கும் தேய்த்து, விடிந்ததும் குளித்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு தரம். போர்வை, துணிமணி எல்லாம் கொதிதண்ணியில் அலசி வெயிலில் போட்டு என் இடுப்பே ஒடிந்தது.

அவரைத் திட்டுகிறேனே, நான் மட்டும் யோக்கியமா? சமீபத்தில் வீட்டுக்கு வந்து தங்கிப் போனது யாரு என்று டாக்டரம்மா கேட்டதற்கு, யாருமில்லை என்று பொய் சொன்னேன். காதுகுத்துக்கு நீங்கள் வந்தபோது, கடமலைக்குண்டு குலசாமி கோயிலில் அன்று ராத்திரி ஒரே ஜமக்காளத்தில்தானே எல்லோரும் படுத்தோம், குட்டி அவன் தாத்தா போர்வைக்குள்தானே தூங்கினான். உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவந்து கிடக்குது, ராவெல்லாம் அழுகிறான் என்று நீ போன் பண்ணினாயே, அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும், பல்லு முளைக்குற சூடு என்று சொல்லி வைத்தேன். தேனிக்குப் போய்ச் சொறி வாங்கிட்டு வந்தா என்று உன் மாமியார் பேசுவாகளே என்ற பயம். பாவி நான், மூன்று வாரம் பிள்ளையை அழவிட்டேன்.

நேற்றுப் போய் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நீ நாளைக்கே தோல் டாக்டரிடம் போ. மெடிக்கலில் நீயாக எதையும் வாங்கித் தடவாதே, கைப்பிள்ளைக்கு எது, எவ்வளவு, தலைக்கும் தேய்க்கணுமா என்று அவர்தான் சொல்லணும். தேய்த்து முடித்த பிறகும் சில வாரம் அரிக்குமாம், பயந்து திரும்பத் திரும்பத் தேய்க்காதே.

குலசாமி உங்களைக் காக்கட்டும். ஒன்றை மறக்காதே, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தேய்க்கணும், உன் மாமியாரும் சேர்ந்துதான். அவுககிட்ட எப்படிச் சொல்றது என்று முழிக்காதே. கண்ணில் பட வேண்டாம் என்று மேலே எழுதியதை விடு, இதையே அவுக கையில் கொடு.

உன் அம்மா,
முனீஸ்வரி