ஒன்பது மணி வாணவேடிக்கை

சனிக்கிழமை இரவு, கிரான்பர்ன்

தீம் பார்க்கில் வாணவேடிக்கைக்கு நிற்பதா, திரும்புவதா என்று எனக்கும் இவருக்கும் இழுபறி. "பிள்ளையள் ஆசைப்படுகினம், அரை மணித்தியாலம்தானே," என்றார். மூன்று வயது மகன் சத்தத்துக்குப் பயப்படுவான் என்று சொல்லி நான்தான் எல்லோரையும் கிளப்பினேன்.

காருக்குக் கிட்ட வந்தபோது முதல் வெடி வெடித்தது. மகன் அண்ணாந்து பார்த்துக் கைதட்டினான். நான் அவனை இழுத்து அணைத்துக்கொண்டு காருக்குப் பின்னால் குந்திவிட்டேன். வன்னியில் ஷெல்லடிக்குப் பயந்து பதுங்குகுழிக்குள் இருந்த அந்தச் சிறுமியில்லை இப்போது நான், இரண்டு பிள்ளைகளின் தாய்.

"தம்பிக்குப் பயமில்லை அம்மா, உங்களுக்குத்தான்," என்றாள் ஏழு வயது மகள். அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டோம். எனக்கு நித்திரை வரவில்லை. அங்கே வெடி ஓயும்வரை மகளும் என் பக்கத்தில் குந்தி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வானத்தை ஒருதரமும் பார்க்கவில்லை.