நான்காம் டேப்

மே 6, 2003. செவ்வாய்.
காலையிலேயே அனல். லாலாகுடாவிலிருந்து மாதாப்பூருக்கு இரண்டு பஸ். ஒரு கண்ணாடிக் கட்டிடத்துக் கம்பெனிக்கு விளம்பரப் படம், மூன்றாம் நாள் ஷூட்டிங், நான் உதவி டைரக்டர்.
வாங்க வேண்டியவை: காலி டேப், அப்பாவுக்குக் கண் சொட்டு மருந்து.
துப்புரவுப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே தரை துடைக்கிற ஷாட் வேண்டுமாம் எங்கள் பட ஆபீஸ் பாஸுக்கு. வந்தது கன்னியம்மா அக்கா! எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்தெரு. குடியாத்தம் பக்கத்துக் குடும்பம். என்னைப் பாவாடை வயதிலிருந்து தெரியும்.
"சிரிங்க அக்கா, சிரிங்க அக்கா" என்று எட்டு டேக். ஒன்பதாவதில் வெடித்தாள்: "இன்னாத்துக்குக் கண்ணு சிரிக்கணும்? அவசரத்துக்கு ஒதுங்கக்கூட வுட மாட்டேன்றாங்க."
ஆறு மாடிக் கழிவறையையும் கழுவுவது இவர்கள். அதை உபயோகிக்க மட்டும் அனுமதி இல்லை. பின்னாலிருக்கும் பொட்டலில் பாறை மறைவுக்குப் போக வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மே 7, புதன்.
துப்புரவுத் தொழிலாளர் யூனியனுக்காக நான் எடுத்துவரும் படத்துக்கு அக்காவின் பேட்டி. சாப்பாட்டு நேரத்தில், அதே பாறைக்குப் பின்னால். காலி டேப் வாங்க மறந்துவிட்டேன், கழுதை. நான்காம் டேப்பில் கம்பெனி ஷாட்டுகளுக்குப் பிறகு இருபது நிமிடம் மிச்சம். அதிலேயே எடுத்தேன்.
"மூஞ்சி தெரியாதில்ல?"
"தெரியாது அக்கா. கட்டம் போட்டு மறைச்சிடுவேன். சத்தியமா."
"ஹவ்" என்று இந்த ஊர் உருதுவில் ஆமாம் சொல்லித் தலையாட்டிவிட்டுப் பேசினாள் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு.

மே 11, ஞாயிறு.
கரண்ட் இரண்டு முறை போனது. வீட்டுக் கம்ப்யூட்டரில் நாள் முழுக்க அக்கா முகத்துக்குக் கட்டம். அவள் தலை அசைய அசையக் கட்டத்தையும் நகர்த்த வேண்டும். கண் எரிகிறது.
அப்பா: "சோறு போடறவனையே திட்டிப் படம் எடுப்பியா?"
ஆமாம், எடுப்பேன். டேப்பை நாளை ஆபீஸ் அலமாரியில் வைக்க வேண்டும்.

மே 14, புதன்.
கம்பெனிக்காரர்கள் ஒரிஜினல் டேப்புகளைக் கேட்டார்களாம். எல்லாவற்றையும் கொடுத்தனுப்பிவிட்டான் பாஸ். நான்காம் டேப்பையும். அதில் அக்காவின் முகம், கட்டமில்லாமல், இருபது நிமிடம்.
அலமாரியில் வைத்தது யார்? நான். பேட்டியை அழிக்காமல் வைத்தது? நானேதான்.
அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.
பாஸ் திருமுல்கேரித் தமிழன், ராணுவக்காரர் மகன். கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "கைக்கு டென்ஷன், யார்?" என்றான், அதாவது எதற்குக் கவலை. "உன் பேரு வரல. அந்தம்மாவே வெளியாள கூட்டிட்டு வந்து திருட்டுத்தனமா எடுத்ததுன்னு சொல்லிட்டேன். நீ வாயத் திறக்காத. அடுத்த படத்துக்கு நீதான் டைரக்டர்."
டைரக்டர்! ஐந்து வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. இவன் வாயிலிருந்து, இதற்காக. அறைந்திருக்க வேண்டும். "சரி சார்" என்றுதான் சொன்னேன். தூ.

மே 15, வியாழன்.
ஆபீஸ் போகவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. மருந்து வாங்கவில்லை, அப்பா இரண்டு தரம் கேட்டுவிட்டார். போனில் பாஸ் மூன்று தரம். எடுக்கவில்லை.

மே 16, வெள்ளி.
கேமராவோடு அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்: டேப், அலமாரி, பாஸ் சொன்ன பொய், என் "சரி சார்". அழுகை வேறு வந்து தொலைத்தது.
"அழுவ நக்கோ, வேணாம்" என்றாள். "வேலதான் பூடுச்சே. இனிமே எனக்கின்னாத்துக்குக் கட்டம்? எட்துடு."
"சரி அக்கா."
"இரு. உன் மூஞ்சி எங்க அதுல? வெளியாளக் கூட்டிக்கினு வந்து நான் எட்க்க வுட்டேன்னு சொல்றானுங்க. எட்தது யாருன்னு நீ சொல்லு."
சொன்னால் இந்த ஊரில் எந்தக் கம்பெனியும் என்னைக் கூப்பிடாது. அது அவளுக்கும் தெரியும். கேமராவுக்குக் கை நீட்டினாள். எந்தப் பட்டன் என்று காட்டினேன். வாசற்படியில் உட்கார்ந்தேன். முகத்தில் வெயில். சிவப்பு விளக்கு எரிந்தது. என் வாய் தானாகச் சிரிக்கப் பார்த்தது.
"சிரிக்க வேணாம்" என்றாள் அக்கா. "சொல்லு."